ரிவேரா – லிவ்ரமென்டோ: தெருவின் இந்தப் பக்கம் உருகுவே, அந்தப் பக்கம் பிரேசில்

தெற்குக்காற்று

வணக்கம். எல்லை ஊர்களைப் பற்றி வேறோர் இழையில் பேச்சு வந்தபோது, ரிவேராவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போதுதான் நேரம் கிடைத்தது.

நான் மூன்று வருடம் உருகுவேயின் தலைநகரான மோன்டேவிடியோவில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த தோழி ரிவேராக்காரி. நாலு நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவாள். ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 500 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது ஊர் வந்துவிடும்.

முதல் நாள் காலையில் ரொட்டி வாங்கப் போனோம். பெரிய சதுக்கம் ஒன்று, நடுவில் உயரமான கல்தூண், பக்கத்தில் இரண்டு நாட்டுக் கொடி. சதுக்கத்தைக் கடந்து எதிர்த்தெருக் கடையில் ரொட்டி வாங்கினாள். காசு கொடுக்கும்போதுதான் கவனித்தேன், அவள் இன்னொரு பர்ஸைத் திறக்கிறாள். ஒன்றில் உருகுவே பெசோ, மற்றதில் பிரேசில் ரியல். ரொட்டி வாங்க நாங்கள் பிரேசிலுக்கு வந்திருக்கிறோம்! வேலி இல்லை, சாவடி இல்லை, ‘எங்கே போகிறாய்’ என்று கேட்க ஆள் இல்லை. சுங்கச் சோதனையெல்லாம் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஏறும்போதுதான்.

இந்தப் பக்கம் ரிவேரா. அந்தப் பக்கம் சன்டானா டோ லிவ்ரமென்டோ. லிவ்ரமென்டோ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை லட்சம் பேர் அளவில் இருக்கும். ரிவேராவுக்கு மோன்டேவிடியோ எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் லிவ்ரமென்டோவுக்குத் தன் மாநிலத் தலைநகர் போர்ட்டோ அலெக்ரே. இரண்டு ஊருக்கும் தலைநகரம் எட்டாத தொலைவு, பக்கத்து ஊர் கூப்பிடு தூரம். அந்தச் சதுக்கத்தை 1943 பிப்ரவரி 26 அன்று திறந்தார்கள். உலகமே போரில் இருந்த வருடம். சாயங்காலம் போய்ப் பார்க்கவேண்டும்: கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, கையில் மாத்தே என்ற இலைப்பானக் குடுவையுடன் இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஊரின் அழகைச் சொல்வதற்காக மட்டும் இந்த இழையைத் தொடங்கவில்லை. தோழியின் பாட்டி வீட்டில் ஒன்று பார்த்தேன், அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நாங்கள் உள்ளே நுழையும்போது பாட்டி அடுப்படியில் பூனையோடு பேசிக்கொண்டிருந்தார். ஸ்பானிஷும் இல்லை, போர்ச்சுகீஸும் இல்லை, இரண்டும் கலந்த வேறொரு பேச்சு. என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, திருத்தமான ஸ்பானிஷில் ‘வாம்மா, உட்கார்’ என்றார். அந்த ஒரு நொடியில் அவர் முகம் மாறிய விதம், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர் போல இருந்தது. ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் ஊரின் வரலாற்றையே படித்தேன்.

தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுங்கள்.

மின்கம்பி

அக்கா, அருமையான தொடக்கம். என் துறை மின்சாரம் என்பதால் முதலில் அங்கேதான் கண் போகிறது. உருகுவே 50 ஹெர்ட்ஸ் நாடு, பிரேசில் 60 ஹெர்ட்ஸ் நாடு. தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு மின்சாரம். இரண்டு கட்டமைப்பையும் கம்பியை முறுக்கி இணைத்துவிட முடியாது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதை மறுபடி மறுபக்க அலைவெண்ணுக்கு மாற்றவேண்டும். அதற்கென்றே ரிவேராவில் 70 மெகாவாட் மாற்று நிலையம் இருக்கிறது. பிற்பாடு கிழக்கே மேலோ ஊர்ப்பக்கம் 500 மெகாவாட்டில் இன்னொன்று வந்தது.

வீட்டுக்குள்ளும் இது தெரியும். மின்சார அலைவெண்ணை நம்பி ஓடும் பழைய சுவர்க்கடிகாரத்தை ரிவேராவில் வாங்கி லிவ்ரமென்டோவில் மாட்டினால் மணிக்கு 12 நிமிடம் வேகமாக ஓடும். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான், ஆனால் கடிகாரம் மட்டும் தெருவைத் தாண்டியதும் முந்திக்கொள்ளும்.

ரயிலும் அப்படித்தான். உருகுவே தண்டவாளம் 1435 மில்லிமீட்டர் அகலம், பிரேசில் பக்கம் 1000. ஒரு பக்கத்து வண்டி மறுபக்கம் உருளாது, சரக்கை இறக்கி ஏற்றவேண்டும். மனிதர்கள் சுலபமாகக் கடக்கும் இடத்தில் மின்சாரமும் ரயிலும் இவ்வளவு சிரமப்படுகின்றன!

ஏட்டுச்சுவடி

அம்மா, நல்ல இழை. ‘அமைதியின் எல்லை’ என்றுதான் அந்த ஊருக்குப் பட்டப்பெயர். ஆனால் எல்லை அமைதியாகப் பிறக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது.

லிவ்ரமென்டோ மூத்த ஊர், 1823ல் தோன்றியது. அப்போது உருகுவே என்ற நாடே இல்லை. அந்த நிலம் முழுவதையும் பிரேசில் தன் மாகாணமாக வைத்திருந்தது. 1828ல் உருகுவே தனிநாடு ஆனது. ஆனால் வடக்குப் பகுதியில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர்களில் பெரும்பகுதி போர்ச்சுகீஸ் பேசும் பிரேசில்காரர்கள்தான். நாடு மாறினாலும் ஆள் மாறவில்லை.

எல்லை தீர்மானமானது 1851 அக்டோபர் 12 ஒப்பந்தத்தில். உருகுவே அப்போது நீண்ட உள்நாட்டுப் போரில் நொந்து கிடந்தது, பிரேசில் பேரரசின் பணமும் படையும் வேண்டியிருந்தது. அந்த நிலையில் போட்ட கையெழுத்து. இந்தப் பகுதியில் நீர்பிரி மேடுதான் எல்லை. மேட்டின் முதுகில் கோடு போகிறது. வடக்கே விழும் மழை இபிராப்புய்டாங் ஆற்றுக்கும், தெற்கே விழும் மழை குன்யாபிரு ஓடைக்கும் போகும். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, இரண்டு தண்ணீரும் பல நூறு கிலோமீட்டர் சுற்றிக் கடைசியில் ஒரே உருகுவே ஆற்றில்தான் சேர்கின்றன.

சரி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். உருகுவேயில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1842ல் வந்தது. பிரேசிலில் 1888ல்தான். நடுவே 46 வருடம். அந்த 46 வருடமும் இந்தக் கோட்டின் வடக்கே நின்றால் அடிமை, தெற்கே வந்தால் சுதந்திர மனிதன். ராத்திரியில் மேட்டைத் தாண்டினால் வாழ்க்கையே மாறிவிடும். எத்தனை பேர் ஓடி வந்திருப்பார்கள்! அதைத் தடுக்கத்தான் அதே 1851ல் இன்னோர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஓடி வந்த அடிமைகளை உருகுவே திருப்பிக் கொடுக்கவேண்டும். எல்லைக்கோட்டையும் இதையும் ஒரே நாளில் எழுதினார்கள்.

இது போதாதென்று, உருகுவேயில் நிலம் வைத்திருந்த பிரேசில் பண்ணையார்கள் தங்கள் அடிமைகளுக்கு ‘விடுதலை’ எழுதிக் கொடுத்து, கூடவே பதினைந்து இருபது வருட வேலை ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி இந்தப் பக்கம் ஓட்டிவந்தார்கள். காகிதத்தில் கூலியாள், நடப்பில் அடிமை. இதையெல்லாம்விடக் கொடுமை ஆள் கடத்தல். உருகுவேயில் சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினக் குழந்தைகளைத் தூக்கிப்போய் வடக்கே விற்றிருக்கிறார்கள். அந்தச் சதுக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தெற்குக்காற்று

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆள் கடத்தல் எனக்குப் புதிய செய்தி. படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறெதுவும் எழுத ஓடவில்லை.

ரிவேரா பிறந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். வடக்கு முழுக்கப் பிரேசில் மயமாகிறது என்று மோன்டேவிடியோ அரசுக்குக் கவலை. லிவ்ரமென்டோவுக்கு நேர் எதிரே ஓர் ஊர் எழுப்ப 1862 மே 7 அன்று சட்டம் போட்டார்கள். வைத்த பெயரைப் பாருங்கள்: செவாயோஸ். நூறு வருடத்துக்கு முன்னால் போர்ச்சுகீசியரோடு சண்டை போட்ட ஸ்பானிஷ் படைத்தலைவர் பெயர். எதிர்வீட்டுக்காரருக்குப் பிடிக்காத பெயரைத் தேடி வாசலில் எழுதி வைத்தது போல. அப்புறம்தான் ரிவேரா என்று மாறியது.

கடைத்தெரு

எனக்கு மளிகை வியாபாரம், அதனால் ஒரே கேள்வி. வரி வேறு, பணம் வேறு, விலை வேறு. நடந்து போனால் இரண்டு நிமிடத்தில் வேறு விலை. இப்படி இருக்கிற ஊரில் கடை வைத்துப் பிழைக்க முடியுமா?

தெற்குக்காற்று

அண்ணா, அந்த ஊரில் எல்லோருமே விலைக்கணக்கில் கெட்டிக்காரர்கள். தோழியின் அம்மா காலையில் ரேடியோவில் கேட்பது வானிலை இல்லை, ரியல்–பெசோ மாற்று விலை. ரியல் இறங்கினால் ரிவேரா மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு லிவ்ரமென்டோ போகும். ஏறினால் எதிர்ப்பக்கத்துக் கூட்டம் இங்கே வரும். 1999 ஜனவரியில் ரியல் சரிந்தபோது ரிவேரா மளிகைக்கடைகளில் ஈ ஓட்டினார்களாம். 2002ல் உருகுவே வங்கிகள் கவிழ்ந்து பெசோ விழுந்தது, காற்று திரும்பியது. கடைக்காரர்கள் செய்த தப்பு எதுவும் கிடையாது. எங்கோ தலைநகரில் நடந்ததற்கு இவர்கள் ஷட்டரை இறக்கினார்கள்.

இப்போது ரிவேராவின் கடைத்தெருவான சரான்டியில் பாதி, வரியில்லாக் கடைகள். 1986ல் தொடங்கியவை. மது, சென்ட், மின்சாதனம் எல்லாம் பளபளவென்று அடுக்கியிருக்கும். வெளிநாட்டவருக்குத்தான் விற்பார்கள், உருகுவே அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு விற்கமாட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தோழி வாசலில் நிற்பாள், நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பிரேசில்காரர்கள் மாதம் ஆளுக்கு 500 டாலர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம். பிரேசிலும் தன் எல்லை ஊர்களில் இப்படிக் கடை திறக்க 2012ல் சட்டம் போட்டது. முதல் கடைகள் திறக்க 2019 ஆகிவிட்டது.

பெட்ரோலும் உண்டு. பிரேசிலில் விலை குறைவு என்று எல்லோரும் அங்கே போய் நிரப்பியதால், உருகுவே அரசு எல்லையோரப் பெட்ரோல் பங்க்குகளுக்கு மட்டும் வரியில் தள்ளுபடி கொடுக்கிறது.

ஆனால் பெரிய கடைகள் வேறு, சின்ன மனிதர்கள் வேறு. உருகுவேயில் எல்லை தாண்டிக் கொண்டுவரும் சில்லறைச் சரக்குக்கு ‘பகாஷோ’ என்று பெயர். சர்க்கரை, அரிசி, எண்ணெய், சோப்பு, கரும்புச் சாராயம், சில சமயம் கேஸ் சிலிண்டர். கிலோக் கணக்கில் சுமந்து விற்பவர் ‘கிலேரோ’. முன்பு குதிரை, பிறகு சைக்கிள், இப்போது மோட்டார் சைக்கிள். ஊருக்குள் எவரும் தடுக்கமாட்டார்கள். சரக்கோடு தெற்கே கிளம்பினால்தான் ஆபத்து. சுங்கத்துக்குப் பயந்து மண்பாதையில், இருட்டில், விளக்குப் போடாமல் ஓட்டுவார்கள். தோழியின் பெரியப்பா அப்படித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவர் சைக்கிளை இன்னும் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன். பின்னால் கேரியரில் வரிந்து கட்டிய கயிற்றின் தழும்பு இரும்பிலேயே பதிந்திருக்கிறது. கடத்தல்காரர் என்று அவரை அந்தத் தெருவில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார்.

கடைத்தெரு

இரும்பில் கயிற்றுத் தழும்பா! அப்படியானால் எத்தனை நூறு நடை போயிருக்கவேண்டும். புரிகிறது தங்கச்சி. சரக்கு மட்டும்தான் தாண்டியதா, அல்லது வேறு எதுவும் உண்டா?

தெற்குக்காற்று

சட்டமே தாண்டும் அண்ணா! உருகுவேயில் விவாகரத்துச் சட்டம் 1907லேயே வந்துவிட்டது. 1913ல் மனைவி காரணம் சொல்லாமலே கேட்டுப் பெறலாம் என்றும் ஆக்கினார்கள். பிரேசிலில் 1977 வரை விவாகரத்து கிடையாது, பிரிந்து வாழலாம், மறுமணம் முடியாது. அதனால் பிரிந்த பிரேசில்காரர்கள் உருகுவேயில் வந்து பதிவுத் திருமணம் செய்துகொள்வார்கள். பிரேசில் சட்டத்தில் அது செல்லாது. இருந்தாலும் ஒரு பெண் ‘நான் மணமானவள்’ என்று ஊரில் தலைநிமிர்ந்து நடக்க அந்தக் காகிதம் உதவியது. சூதாட்டமும் அப்படி: பிரேசில் 1946ல் காசினோக்களை மூடியது, ஆடவேண்டியவர்கள் ரிவேராவுக்கு வந்தார்கள்.

வேலையும் தாண்டியது. அமெரிக்கக் கம்பெனியான ஆர்மர் 1917ல் லிவ்ரமென்டோவில் இறைச்சி பதப்படுத்தும் பெரிய ஆலை தொடங்கியபோது இரண்டு பக்க ஆட்களும் போனார்கள். இன்று அதற்கெல்லாம் சட்டமே இருக்கிறது. 2002ல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, எல்லையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் எந்தப் பக்கமும் குடியிருக்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம் என்று தனி அடையாள அட்டை கொடுக்கிறார்கள். காலம் காலமாக ஜனங்கள் செய்துகொண்டிருந்ததை அரசாங்கம் ஒருவழியாக எழுத்தில் ஒப்புக்கொண்டது.

ஏட்டுச்சுவடி

சண்டையும் தாண்டியது. சராவியா சகோதரர்கள் கதையைச் சொல்கிறேன். தகப்பன் பிரேசிலின் ரியோ கிராண்டிலிருந்து வந்து உருகுவேயில் பண்ணை வைத்தவர். மூத்தவர் குமர்சின்டோ 1893ல் பிரேசில் பக்கம் நடந்த உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிப் படைக்குத் தலைமை தாங்கி மறுவருடம் செத்துப்போனார். அண்ணனோடு குதிரையேறிப் போன தம்பி அப்பரிசியோ திரும்பி வந்து உருகுவே அரசுக்கு எதிராக எழுந்தார். 1904 செப்டம்பர் 1, ரிவேராவுக்கு மேற்கே எல்லையோரம் மசோயேர் என்ற இடத்தில் கடைசிச் சண்டை. குண்டு பட்டது. தோழர்கள் தூக்கிக்கொண்டு எங்கே போனார்கள்? கோட்டைத் தாண்டி, பிரேசில் பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு. அங்கே பத்தாம் தேதி உயிர் பிரிந்தது. இவர்களை எந்த நாட்டுக்காரர் என்று சொல்வது?

அதே மசோயேருக்குப் பக்கத்தில் எல்லைத் தகராறு ஒன்று இன்றும் இருக்கிறது. சுமார் 237 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல் நட்டவர்கள் நீர்பிரி மேட்டைத் தப்பாக அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று உருகுவே 1934லிருந்து சொல்லிவருகிறது. பிரேசில் கேட்பதாக இல்லை, 1985ல் அங்கே ஒரு சிற்றூரையும் எழுப்பிவிட்டது. உருகுவே வரைபடங்களில் ‘எல்லை தகராறுக்குரியது’ என்று அச்சடிப்பார்கள். படை போனதில்லை, சுட்டதில்லை. கடிதம் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அந்த அளவில் ‘அமைதியின் எல்லை’ என்ற பெயரை ஒத்துக்கொள்கிறேன்.

சொல்வேட்டை

பாட்டியின் பேச்சுக்கு வருவோம், எனக்கு அதுதான் முக்கியம். அதைப் பொதுவாகப் போர்த்துன்யோல் என்பார்கள். பலர் நினைப்பது போல ஸ்பானிஷ் சரியாக வராதவர் போர்ச்சுகீஸைக் கலந்து ஒப்பேற்றுவது இல்லை அது. வடக்கு உருகுவேயில் போர்ச்சுகீஸ்தான் முதலில் இருந்தது. ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தோடு பின்னால் வந்தது. நூற்றைம்பது வருடம் இரண்டும் உரசி உருவான பேச்சு. அதற்கென்று ஒழுங்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. மாடுகள் என்பதற்குப் போர்ச்சுகீஸில் ‘அஸ் வாக்காஸ்’, முன்னாலும் பின்னாலும் பன்மை. எல்லைப் பேச்சில் ‘அஸ் வாக்கா’. முன்சொல்லில் பன்மை சொல்லியாயிற்று, திரும்ப எதற்கு? நாமும் ‘பத்து மாடு’ என்றுதானே சொல்கிறோம், ‘பத்து மாடுகள்’ என்று சந்தையில் யார் சொல்கிறார்கள்? சின்னப் பையன் இரண்டு பக்கமும் ‘குரி’. பழங்குடி மொழியிலிருந்து வந்து எல்லைக்கோட்டைக் கண்டுகொள்ளாமல் நிலைத்த சொல்.

ரோனா என்ற மொழியியலாளர் 1950களின் கடைசியில் முதல்முறையாக இதை ஆய்ந்து எழுதினார். பிறகு எலிசைன்சின், பெயாரெஸ், பாரியோஸ் மூவரும் விரிவாக. அதுவரை கற்றவர்களுக்கு இது கொச்சை.

பள்ளிக்கூடக் கதையும் உண்டு. 1877ல் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் வந்தது, வரேலா என்பவர் கொண்டுவந்தது. உருகுவே எழுத்தறிவில் முன்னேறியதற்கு அதுவே அடிப்படை, மறுக்கமுடியாது. ஆனால் பாடம் ஸ்பானிஷில் மட்டும். 1973 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி நடந்தபோது எல்லையில் போர்ச்சுகீஸை ஒழிக்கத் தனிப் பிரசாரமே செய்தார்கள்.

கடைத்தெரு

மாற்றுக்கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாடு என்றால் பொதுவாக ஒரு மொழியில் படிக்கத்தான் வேண்டும். அந்தக் குழந்தைகள் ஸ்பானிஷ் படிக்காமல் இருந்திருந்தால் மோன்டேவிடியோவில் வேலைக்கு நின்றிருக்க முடியுமா? உங்கள் தோழியே அப்படிப் படித்ததால்தானே உங்களோடு வேலை பார்த்தார். வீட்டுப்பேச்சு வீட்டில் இருக்கட்டும், படிப்பு படிப்பாக இருக்கட்டும்.

தெற்குக்காற்று

கோபம் இல்லை அண்ணா. ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்ததில் எனக்கும் குறை இல்லை, பாட்டிக்கும் இல்லை. அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. நான் நேரில் கேட்டதை எழுதுகிறேன்.

மூன்றாவது முறை போனபோது பாட்டியோடு உட்கார்ந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். அன்று மழை, தோழி வெளியே போயிருந்தாள். அவராகவே சொன்னார். ஏழு வயதில் பள்ளிக்கூடம் போனாராம். முதல் வாரம் வகுப்பில் ஒரு சன்னல் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் ஆசையோடு எழுந்து ‘ஜனேலா’ என்று சொல்லிவிட்டார். வீட்டில் அதற்கு அதுதான் பெயர். ஸ்பானிஷில் ‘வென்டானா’. டீச்சர் திருத்தவில்லை. மற்றப் பிள்ளைகளைப் பார்த்து ‘இவள் வீட்டில் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை போல’ என்றாராம். பின்வரிசைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவர் வகுப்பில் வாயே திறக்கவில்லை. நாலாவதோடு நின்றுவிட்டார்.

இதைச் சொல்லும்போது அழவில்லை. கத்தியால் மரவள்ளித் தோலைச் சீவியபடியே சொன்னார். ‘என் அம்மாவுக்குப் பேசத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே ரொம்ப வருடம் இருந்துவிட்டேன்’ என்றார். தன் பிள்ளைகளிடம் ஸ்பானிஷில் மட்டும் பேசினார். சொந்தப் பேச்சைப் பூனைக்கும் கோழிக்கும் வைத்துக்கொண்டார்.

வீட்டுப்பேச்சு வீட்டில் இருக்கட்டும் என்கிறீர்கள். இந்த வீட்டில் அது வீட்டுக்குள்ளும் இருக்க முடியாமல் போயிற்று. எல்லைக்கோட்டை ஜனங்கள் சமாளித்துவிட்டார்கள் அண்ணா. சுங்கத்தைச் சமாளித்தார்கள், பணமதிப்புச் சரிவைச் சமாளித்தார்கள், விவாகரத்துச் சட்டத்தைக்கூட வளைத்துக்கொண்டார்கள். இந்த அவமானத்துக்கு மட்டும் சைக்கிளில் கட்டிக் கடத்திப்போக ஒரு மண்பாதை இருக்கவில்லை.

கடைத்தெரு

தங்கச்சி, ‘அம்மாவுக்குப் பேசத் தெரியாது என்று நினைத்தேன்’ என்பதைப் படித்துவிட்டுக் கடையை அரைமணி நேரம் பையனிடம் விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். நான் சொன்னது தப்பு. ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்திருக்கலாம், ஜனேலாவையும் சரி என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை தெரிந்த பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பியது அநியாயம்.

சொல்வேட்டை

நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2003லிருந்து எல்லைப் பகுதிப் பொதுப்பள்ளிகள் சிலவற்றில் பாதிப் பாடம் ஸ்பானிஷ், பாதிப் பாடம் போர்ச்சுகீஸ் என்று நடக்கிறது. 2008 கடைசியில் நிறைவேறிய பொதுக் கல்விச் சட்டம் ‘உருகுவேயின் போர்ச்சுகீஸ்’ என்று பெயர் சொல்லி அதைத் தாய்மொழிகளில் ஒன்றாக ஏற்றது. ஸ்பானிஷ், சைகை மொழி, கூட இதுவும். நூற்றுமுப்பது வருடத்துக்குப் பிறகு சட்டத்தில் அந்த ஒரு சொல்.

ஆனால் வகுப்பில் வருவது ரியோவிலும் சாவோ பாலோவிலும் எழுதும் திருத்தமான போர்ச்சுகீஸ். பாட்டியின் ‘அஸ் வாக்கா’வை அங்கேயும் சிவப்பு மையில் திருத்துவார்கள் என்றுதான் பயப்படுகிறேன். பள்ளிக்கூடம் செய்யாததை இப்போது பாட்டு கட்டுகிறவர்களும் கவிதை எழுதுகிறவர்களும் செய்கிறார்கள். ரிவேராவிலும் இன்னோர் எல்லை ஊரான அர்த்திகாஸிலும் இந்தப் பேச்சிலேயே பாட்டும் புத்தகமும் வருகின்றன.

வழிப்போக்கன்

அக்கா, ஒரு கருத்தரங்குக்காக அடுத்த மாதம் போர்ட்டோ அலெக்ரே போகிறேன். அங்கிருந்து லிவ்ரமென்டோ போய், ரிவேரா வழியாக மோன்டேவிடியோ இறங்கலாம் என்று எண்ணம். இரண்டு விஷயம் கேட்கவேண்டும். நடந்தே தாண்டலாமா? கொரோனா சமயத்தில் இந்த எல்லையை எப்படி மூடினார்கள்?

தெற்குக்காற்று

தம்பி, தாராளமாகப் போங்கள். இரண்டு நாட்டு விசாவும் கையில் இருக்கட்டும். ஊருக்குள் நடப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கமாட்டார்கள் என்பதாலேயே பலர் முத்திரை குத்த மறந்து, மோன்டேவிடியோ பஸ்ஸில் ஏறி, வழியில் சோதனையில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரேசிலிலிருந்து வெளியேறிய முத்திரை, உருகுவேக்குள் நுழைந்த முத்திரை இரண்டையும் வாங்கிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

கொரோனாவில் மூடவில்லை, மூடவும் முடியாது. 2020 மார்ச்சில் உருகுவே எல்லா எல்லையையும் அடைத்தது. ரிவேராவில் சதுக்கத்தை அடைப்பதென்றால் எத்தனையோ தெருமுனைகளில் சுவர் வைக்கவேண்டும். அதனால் ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் சோதனை வைத்தார்கள். மே மாதம் ரிவேராவில் தொற்று ஏறியபோது இரண்டு நாடும் சேர்ந்து பரிசோதிக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. உருகுவேயின் கண்ணில் அந்தச் சில மாதம் ரிவேராவே எல்லைக்கு அந்தப் பக்கம் ஆகிவிட்டது. தோழி ஊருக்குப் போகமுடியாமல் அழுதது அப்போதுதான்.

சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாத்தே இரண்டு பக்கமும் குடித்துப் பாருங்கள். உருகுவேயில் அந்தச் செடி விளைவதில்லை, இலை பிரேசிலிலிருந்துதான் வருகிறது. ஆனால் லிவ்ரமென்டோவில் பச்சைப்பசேலென்று மாவு போல அரைத்த இலை, பெரிய குடுவை. ரிவேராவில் நாள்பட வைத்துப் பழுத்த இலையின் கசப்பை விரும்புகிறவர்கள் அதிகம், குடுவையும் சிறியது. வெந்நீர் கொதிக்கக்கூடாது, நாக்கு வெந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சதுக்கத்துக்குப் போங்கள்.

மின்கம்பி

பாட்டி எப்படி இருக்கிறார் அக்கா? இப்போதும் பேசுகிறீர்களா?

தெற்குக்காற்று

நன்றாக இருக்கிறார் தம்பி. நான் ஊர் திரும்பிய பிறகு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொண்டார். முதல் ஒரு வருடம் எல்லாமே ஸ்பானிஷ், வானொலிச் செய்தி படிப்பது போல நிறுத்தி நிறுத்தி. போன வாரம் ஒன்று வந்தது. தொடக்கத்திலிருந்தே அடுப்படிப் பேச்சு. எனக்குப் பாதி புரியவில்லை. தோழியிடம் கேட்காமல் நானே நாலு முறை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று குட்டி. ஒன்று கறுப்பு. அதை ஜனேலாவுக்கு அடியில் பெட்டியில் வைத்திருக்கிறாராம்.